கோடையில் ஒரு கோடு

சித்தூர் பஸ் நிலையத்தில் தெலுங்கில் விலை கேட்டால் தமிழில் பதில் வரும். தமிழில் கேட்டால் தெலுங்கில் மீதிச் சில்லறை வரும். 1911இல் உருவான இந்த மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு போட்டவர்கள் போய்விட்டார்கள். இரண்டு மொழியும் வீட்டுக்குள் அப்படியே இருக்கின்றன.

மே மாதம் ஊரெங்கும் மாம்பழ வாசனை. கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய லாரிகள் கூழ் ஆலைகளை நோக்கி வரிசை கட்டும். அக்கா வீட்டில் மட்டும் வேறு கவலை. சென்னையில் கிராஃபிக் டிசைன் படிக்கும் அக்கா மகளுக்கு ஆறு வாரக் கோடைப் பயிற்சி வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் கடைசி ஆண்டுக்குள் நுழைய முடியாது. சென்னையில் பதினோரு நிறுவனங்களுக்கு எழுதினாள். இரண்டு பதில் வந்தன. ஒன்று இடமில்லை என்றது. மற்றது வரச் சொன்னது. ஆனால் சம்பளம் கிடையாது, தங்குமிடம் அவள் பொறுப்பு.

“சம்பளம் கொடுக்காத வேலைக்கு நான் வாடகை கொடுக்கணுமா?” என்றார் அக்காவின் கணவர். நியாயமான கேள்விதான். விடுமுறையில் போயிருந்த என் தலையில் பொறுப்பு விழுந்தது. “நம்ம பக்கமே தேடலாம் மாமா” என்றாள்.

முதலில் சித்தூர் பிளெக்ஸ் கடை. “தாராளமா வாம்மா. ஒரு நாளைக்கு இருபது பேனர் முடிக்கணும்” என்றார் உரிமையாளர். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, தலைவர் வருகை. வேகம் பழகலாம், கண் பழகாது. மாங்கூழ் ஆலையில் கேட்டோம். லேபிளை வாங்குபவர்களே அனுப்பிவிடுகிறார்கள் என்றார்கள்.

சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டி பஸ் திருப்பதிக்குள் நுழையும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தென்னிந்திய வீடுகளில் அதிகம் மாட்டப்படும் காலண்டர்களில் ஒன்று இந்த ஊருடையது. தேவஸ்தானத்தின் ‘சப்தகிரி’ மாத இதழ் தமிழ் உட்படப் பல மொழிகளில் வருகிறது. 1960 முதல் மரபுச் சிற்பப் பள்ளி ஒன்றையும் தேவஸ்தானம் நடத்துகிறது. கல், உலோகம், மரம், சுதை, ஓவியம், கலம்காரி எல்லாம் அங்கே பாடம். ஆனால் அவை ஆண்டுக்கணக்கில் நீளும் படிப்புகள். ஆறு வார விருந்தாளிக்கு இடமில்லை. வெளியே டீக்கடையில் ஒரு மாணவர் வழி சொன்னார்: “காளஹஸ்தி போங்க. அங்கே வீடுதான் பள்ளிக்கூடம்.”

திருப்பதியிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி சுமார் 40 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். பக்தர்கள் ராகு-கேது பரிகாரத்துக்கு வருகிறார்கள். நாங்கள் தேடிப் போனது கலம் பிடிக்கும் கைகளை. கோயில் திரைச்சீலைகளில் புராணம் வரைந்த இந்தக் கலை நசிந்துகொண்டிருந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1957இல் இங்கே பயிற்சி மையம் தொடங்கியது. அந்த மறுமலர்ச்சியின் பெரிய பெயரான ஜொன்னலகட்டா குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார்.

சந்து வீடு ஒன்றில் ஓவியரைப் பார்த்தோம். தெலுங்கில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “காலேஜ் உனக்கு சர்டிஃபிகேட் கொடுக்கும். எனக்கு என்னம்மா கிடைக்கும்?”

அவள் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். மாணவர்கள் கேமராவோடு வருகிறார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படமெடுக்கிறார்கள். அப்புறம் அவர் வரைந்த மயில் மிஷினில் அச்சடித்த புடவையில் பறக்கிறது. காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது பெயரைக் காக்கும். ‘கலம்காரி பிரிண்ட்’ என்று சொல்லி விற்கும் துணி கடைகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒப்பந்தம் வாய்மொழியாகவே முடிந்தது. துணிக்கும் சாயத்துக்கும் அவள் பணம் தரவேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பதிலுக்கு, கையால் வரைந்த துணியை எப்படி அடையாளம் காண்பது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் அட்டை ஒன்றைத் தெலுங்கு, தமிழ், ஆங்கிலத்தில் அவள் செய்து தரவேண்டும்.

திருப்பதியில் அத்தை வீட்டில் தங்கி தினமும் பஸ்ஸில் போனாள். காலையில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து வெயிலில் காயப்போடுவது. துணியில் ஏறிய கொழுப்பு, மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். புளியங்குச்சிக் கரியில் வரைபடம். பிறகு கலம்: கூராகச் சீவிய மூங்கில் குச்சி, நுனிக்கு மேலே கம்பளி நூல் உருண்டை. உருண்டையை விரலால் அழுத்தினால் மை இறங்கும். துரு இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிப் புளித்த நீர்தான் மை. அது கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுக்கிறது. அப்புறம் அழிக்க முடியாது.

முதல் வாரம் முழுவதும் வெறும் கோடுகள். “கன்ட்ரோல் இசட் இல்லாத கோடு மாமா. மூச்சைப் பிடிச்சாத்தான் நேரா வருது” என்று போனில் சொன்னாள். சாயம் போட்ட துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். கோடையில் சுவர்ணமுகி ஆற்றில் மணல்தான் ஓடியது. போர் தண்ணீரில் அலசினார்கள்.

ஆறு வாரத்தில் யாரும் கலம்காரி ஓவியர் ஆகிவிட முடியாது. அவளும் ஆகவில்லை. ஆனால் அட்டை தயாரானது. கைக்கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். ஒரு மயில் இன்னொரு மயில்போல அச்சாக இருக்காது. இதை மூன்று மொழியில், படத்தோடு, உள்ளங்கை அளவில் அடக்கியிருந்தாள். தெலுங்கு வரிகளுக்கு அவள் தேர்ந்தெடுத்த எழுத்துரு ‘தூர்ஜடி’. கிருஷ்ணதேவராயர் அவைக் கவிஞரான, இதே காளஹஸ்திக்காரரின் பெயர். தமிழ் வரிகளை நான் திருத்தினேன். இரண்டு இடத்தில் அவள் என்னைத் திருத்தினாள்.

கோடைப் பயிற்சி தேடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மே மாதம் வரை காத்திருக்காதீர்கள், மார்ச்சிலேயே கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் கையால் எதையாவது செய்கிறவர்கள் யார் என்று பாருங்கள். போகும்போது, அவர்களுக்கு என்ன தரப்போகிறோம் என்பதையும் யோசித்துக்கொண்டு போங்கள்.

கடைசி நாள் கல்லூரிப் படிவத்தில் ஓவியர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். திருப்பதி ஆஃப்செட் அச்சகத்தில் அட்டை 500 பிரதி அடித்தது. அந்தப் பில்லைக் கட்டியவர், வாடகை கொடுக்க மறுத்த அக்காவின் கணவர்.