வளைவைச் செய்தவர்கள்

குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடுவோரைச் சுமந்து செல்லும் கனடாவின் விஸ்லர் மலை லிஃப்ட்டுகளே, கோடை பிறந்ததும் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு சிகரம் நோக்கி ஏறுகின்றன.

அங்கே ஏ-லைன் என்னும் பிரசித்தி பெற்ற தடத்தின் ஓரத்தில், ஓயாமல் பிரேக் பிடித்ததால் அலையலையாய்க் குழிந்துபோன மண்ணைக் கொத்தி, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டிச் சமன்செய்துகொண்டிருந்த தொழிலாளர்களின் சிரத்தையை இன்று கண்டு நெஞ்சு நெகிழ்ந்துபோனேன்.

வளைவின் வெளிவிளிம்பை அவர்கள் உயர்த்திச் சாய்த்திருப்பதால்தான், ஒற்றை விரலைப் பிரேக்கில் வைத்தபடி, அத்தனை வேகத்திலும் நாம் அநாயாசமாகத் திரும்பிவிடுகிறோம். நம்முடைய தைரியத்தில் பெரும்பாகம் அவர்களுடைய பிரயாசையே.

2004 முதல் அங்கே நடந்துவரும் கிராங்க்வொர்க்ஸ் என்னும் மலைச் சைக்கிள் விழாவில் ஜெயித்தவர்களை ஆரவாரத்தோடு கொண்டாடுகிறோம்.

பாதை செய்தவர்களின் பெயரை என்றைக்காவது கேட்டிருக்கிறோமா, நண்பர்களே?