மணிக்கு எவ்வளவு?

சாலிகிராமத்தில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு வரும் போன்களில் பாதி, "சார், மணிக்கு எவ்வளவு?" என்றுதான் ஆரம்பிக்கும். தொகையைச் சொன்னால், "ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும்தானே சார்?" என்பார்கள். அவையெல்லாம் சில்லறைச் செலவு. வாடகையில் பெரும்பங்கு நிசப்தத்துக்குப் போகிறது. சுவருக்குள் இன்னொரு சுவர், தரைக்கு மேல் இன்னொரு தரை, இரைச்சலில்லாமல் மெதுவாகக் காற்று விடும் ஏசி. தெருவில் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுப்பது மைக்குக்குத் தெரியக் கூடாது.

அந்த ஏசியே நேரத்தையும் தின்னும். வெளிப்புழுக்கத்திலிருந்து உள்ளே வந்த மிருதங்கத்துக்குத் தோல் இறுகிச் சுருதி ஏறும். வித்வான் கல்லும் கட்டையுமாக உட்கார்ந்து வலந்தலையைத் தட்டித் தட்டி இறக்குவார். அதற்குள் இடப்பக்கத் தொப்பியில் பூசிய ரவை காய்ந்திருக்கும். நனைத்துப் பதம் பார்ப்பார். அரை மணி போய்விடும். அதுவும் கால்ஷீட் கணக்கில்தான். ஆகவே வாத்தியத்தை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கச் சொல்வேன். ரூம் காலியாக இருந்தால் அதற்குக் காசு கிடையாது.

பில்லை ஏற்றுவது முடிவெடுக்காமல் வருவதுதான். டேப் காலத்தில் இரண்டு இன்ச் ரீல், வினாடிக்கு 30 அங்குல வேகத்தில், 16 நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடித் தீர்ந்துவிடும். ரீல் விலைக்குப் பயந்து, தேறாத டேக்கின் மேலேயே அடுத்ததை எடுப்பார்கள். இப்போது ஹார்ட் டிஸ்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. "எதுக்கும் இன்னொண்ணு எடுத்து வெச்சுக்கலாம் சார்" என்று நாலு நிமிஷப் பாட்டுக்கு 20 டேக் சேரும். ஒருமுறை கேட்டு முடிக்கவே 80 நிமிஷம். பல்லவிக்கு ஏழாவதா பதினொன்றாவதா என்ற பஞ்சாயத்து தனி. "இது போதும்" என்று சொல்ல ஓர் ஆளோடு வருபவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். ஐந்து கட்டையா ஐந்தரையா என்பதையே மைக் முன்னால் நின்று யோசிப்பவர்களும் உண்டு. சுருதி மாறினால் ஏற்கெனவே வாசித்து வைத்த ட்ராக் எல்லாம் வீண்.

மிக்ஸிங்குக்கு மட்டும் நான் மணிக்கணக்கு வைப்பதில்லை. பாட்டுக்கு இவ்வளவு என்று பேசிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் காது வேலை செய்யாது. இரண்டு முறை திருத்தம் இலவசம். மூன்றாவதற்குத் தனிக் காசு.