வெயில் தின்னும் ஒரு டிகிரி

மரக்காணத்து உப்பளங்களில் ஒருநாள் உச்சிவேளையில் கேட்ட பேச்சு இது. வரப்பில் நின்றிருந்த பெரியவர், நீரின் அடர்த்தியை டிகிரியில் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பாத்தி நீரில் மிதக்கவிட்டுச் சொன்னார்: "காலைல 25 காட்டுச்சு தம்பி. இப்ப பாருங்க, 24-கிட்ட இறங்கிடுச்சு. சாயந்திரம் பாத்தா மறுபடி ஏறியிருக்கும். நான் விடியக்காலைல பாக்கிறத மட்டுந்தான் நம்புவேன்."

வெயில் ஏற ஏற நீர் ஆவியாகி அடர்த்தி கூடத்தானே வேண்டும்? உப்பு விளையத் தொடங்கிய பாத்தியில் அப்படி ஆவதில்லை. நீர் குறையும் அளவுக்கு உப்பும் படிகமாகிக் கீழே இறங்கிவிடுவதால், மிஞ்சும் நீரின் செறிவு பெரிதாக மாறாது. சூடேறினாலும் சாப்பாட்டு உப்பு கூடுதலாகக் கரைவது மிகக் கொஞ்சமே. மாறுவது நீரின் பருமன்தான். விடியலில் 25 செல்சியஸில் இருந்த நீர் உச்சியில் 40-ஐ எட்டினால், லிட்டருக்கு ஆறேழு மில்லி விரிகிறது. எடை அதே, இடம் அதிகம். ஆகவே அடர்த்தி குறைகிறது, குழாய் சற்றே அமிழ்கிறது. ஒரு டிகிரியில் பெரும்பகுதி அப்படிப் போய்விடுகிறது.

அந்த டிகிரியை வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர், 1768-இல். தூய நீரில் குழாய் நின்ற இடம் 0. நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள கரைசலில் நின்ற இடம் 15. சர்க்கரைப் பாகையும் அமிலத்தையும் அளக்கப் பயன்பட்ட அளவுகோலுக்கு அடிப்படையே உப்புத்தண்ணீர் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இன்றைய போமே குழாய்களில் பல 15 செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்குக் குறிக்கப்பட்டவை. மரக்காணத்துப் பாத்தி நீர் மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர்வது அரிது.

இது வெறும் கணக்குப் பிழையோடு நிற்பதில்லை. கடல்நீர் மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது; 25-ஐ ஒட்டி உப்பு விளைகிறது; 29, 30 ஆனால் மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்ற வேண்டும். உச்சிவெயிலில் அளந்து, "இன்னும் ஒரு டிகிரி இருக்கிறது" என்று விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். அந்த உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும், விலை போகாது. நீரின் சூட்டுக்கு ஏற்ப எவ்வளவு கூட்டிக்கொள்வது என்று காட்டும் ஒரு சின்னப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு அளத்திலும் ஒட்டிவைக்கலாம். பெரிய செலவில்லை.

இந்த டிகிரி மாற்றத்தில் குழாயின் கண்ணாடிக்கும் ஒரு பங்குண்டு. அதுவும் விரிந்து கொஞ்சம் கூடுதலாக நீரை விலக்குவதால், நீர் மறைத்ததில் பதினாறில் ஒரு பங்கை மீட்டுத் தருகிறது. பாதரச வெப்பமானியிலும் இதே கதைதான்: பாதரசம் விரிந்ததில் கண்ணாடி விரிந்ததைக் கழித்து மிஞ்சுவதே நம் கண்ணுக்குத் தெரிகிறது. பம்புக்கு டீசல் கொண்டுவரும் இரும்பு டின்னையும் எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் டீசல் 15 செல்சியஸ் சூடேறினால் கால் லிட்டர் விரியும். டின் தன் பங்குக்கு விட்டுக்கொடுக்கும் இடமோ பத்துப் பன்னிரண்டு மில்லிதான். விளிம்புவரை நிரப்பி வெயிலில் வைத்தால் வழிவதற்குக் காரணம் அதுவே.

பாத்திக்கு மூடி இல்லாததால் அங்கே நெருக்கடி இல்லை. நான்கு விரற்கடை ஆழத்தில் விரிவு அரை மில்லிமீட்டரை ஒட்டியதுதான். ஒருநாள் வெயில் அதைவிட அதிகமாகக் குடித்துவிடும். கிழக்கே இருக்கும் கடலின் கதை வேறு. அதன் படுகை நீரோடு சேர்ந்து விரிவதில்லை. பக்கவாட்டில் பரவவும் இடம் குறைவு. எனவே மட்டம்தான் உயர வேண்டும். 1901-இலிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 1971-க்குப் பிந்தைய உயர்வில் சரிபாதி, நீர் சூடாகி விரிந்ததால் வந்தது என்கிறது ஐ.நா.வின் காலநிலைக் குழு. துருவத்துக் குளிர்நீரைவிட வங்கக்கடலின் வெதுவெதுப்பான மேல்நீர், அதே ஒரு செல்சியஸுக்கு ஐந்தாறு மடங்கு அதிகம் விரியும்.

தாழ்ந்து கிடப்பதால்தான் மரக்காணத்து அளங்களுக்குக் கழியின் உப்புநீர் எளிதாகக் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவேலி ஏரியும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி அளங்கள் மூழ்கும்போது, அந்த வெள்ளம் வடிய வேண்டியதும் கடலுக்குத்தான். கடல் மேலேறி நின்றால் வடிதல் மெதுவாகும். சேறு அள்ளிப் பாத்தி கட்டும் நாள் தள்ளிப்போகும். அதுவரை அளத்து ஆட்களுக்குக் கூலியும் இல்லை.