குடி என்னும் சொல்லும் பீன்யாவும்

2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் 4.7ஆம் இலக்கு, 2030ஆம் ஆண்டுக்குள் மாணவர் அனைவருக்கும் உலகக் குடிமை பற்றிய கல்வி வாய்க்க வேண்டும் என்கிறது. அதன்பின் இத்தொடர் நம் கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலித்து வருகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்ப்பது, நான் குடியிருக்கும் பெங்களூருவின் பீன்யாவைத்தான்.

பீன்யா ஒரு தொழிற்பேட்டை. லேத் பட்டறைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் நெருங்கிய இதன் தெருக்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு, ஒடியா, வங்காளம், போஜ்புரி எல்லாம் கேட்கும். இஸ்ரோவின் தொலையளவி, கண்காணிப்பு, கட்டளை வலையமைப்பான இஸ்ட்ராக்கும் இங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 இங்கிருந்தே இயக்கப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். புவியை ஓர் உருண்டையாகக் காணும் கூடம் ஒரு தெருவில். முகவரிச் சான்றுக்கு வழியின்றி ஓர் அறையை ஆறுபேராய்ப் பகிரும் தொழிலாளர்கள் இன்னொரு தெருவில். உலகக் குடிமை என்பது இவர்களுள் யாரைக் குறிக்கிறது?

மொழியியல் பயின்றவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கன்னடத்தில் குடிமகனைக் குறிக்கும் ‘நாகரிக’ நகரத்திலிருந்து பிறந்தது. ஆங்கிலச் சொல்லின் வேரும் நகரமே. தமிழ்ச் சொல்லோ குடியிலிருந்து வருகிறது: இல்லம், குடும்பம், குலம். திருக்குறளின் 96ஆம் அதிகாரமான ‘குடிமை’ நற்குடிப் பிறப்பைப் பேசுகிறது. பிறப்பைச் சுட்டிய சொல் இன்று உரிமையைச் சுட்டுகிறது. ஆயினும் பழைய பொருள் நம் மனத்தில் அழியவில்லை. ஒருவரை நம்மவராக ஏற்கும் முன் ‘எந்த ஊர்?’ என்றே இன்னமும் கேட்கிறோம்.

இக்கேள்விக்குத் தமிழர் இந்நகரில் விலை கொடுத்திருக்கின்றனர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991 டிசம்பரில் எழுந்த வன்முறையில் பல்லாயிரவர் வீடுகளை விட்டுத் தமிழ்நாட்டுக்குச் சென்றனர். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. பீன்யாவை அடுத்த ஹெக்கனஹள்ளியில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். அல்சூரில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. விருந்தோம்பல் ஒருவழிப் பாதையாக இருக்கவியலாது என்பதை இரு அரசுகளும் ஏற்ற தருணம் அது.

ஆனால் திருப்பூரில் நாமே வீட்டுக்காரர். அங்கே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பின்னலாடைத் தொழிலாளியை நம் சமூக ஊடகங்கள் ‘வடக்கன்’ என்கின்றன. இங்கே தமிழரை இழித்துரைக்கும் ‘கொங்க’ என்ற கன்னட வசையையும் இதனுடன் வைத்துப் பாருங்கள். ஒன்று திசைப்பெயர், மற்றது கொங்கு என்னும் நிலப்பெயர். இரண்டின் ஆக்கமும் ஒன்றே: மனிதரின் பெயரை நீக்கி அவர் வந்த வழியை ஒட்டவைப்பது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பரவிய பொய்க் காணொளிகள், அச்சொல்லுக்கு இருபுறமும் எத்தனை அச்சம் குடியிருக்கிறது என்பதைக் காட்டின.

1795இல் நிலைத்த அமைதி பற்றி எழுதிய கான்ட், அந்நிய மண்ணில் கால்வைப்பவர் பகைவராக நடத்தப்படாமலிருப்பதை உரிமை என்றார். அதைக் கருணையின் கணக்கில் சேர்க்கவில்லை. அவ்வுரிமையைப் பீன்யாவில் கோரும் நான், திருப்பூரில் அதை வழங்கக் கடமைப்பட்டவன். ஒரே மனிதர் ஓரிடத்தில் விருந்தினர், இன்னோரிடத்தில் வீட்டுக்காரர். இரண்டிடத்திலும் ஒரே அளவுகோலைக் கையாள்வதையே நான் உலகக் குடிமை என்று கொள்கிறேன்.

ஆகவே பொறுப்புகளும் இருவகை. விருந்தினராக, வாழும் ஊரின் மொழியைக் கற்க வேண்டும். நான் பேருந்திலும் மளிகைக் கடையிலும் கற்ற கன்னடம் இலக்கணப் பிழைகள் நிறைந்தது. எனினும் அதுவே இங்கு எனக்கு அண்டை வீட்டாரைத் தந்தது. வீட்டுக்காரராக, வந்தவரின் பிள்ளைக்குப் பள்ளியில் இடமும், அவருக்கு உரிய கூலியும், வாடகை வீட்டுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் கிடைக்கக் குரல் கொடுக்க வேண்டும்.

திருப்பூர், கோவை, சென்னையில் ஆய்வு செய்யும் நண்பர்களே, உங்கள் தெருவில் வந்து குடியேறியவரை எச்சொல்லால் அழைக்கிறீர்கள்? அறிய விழைகிறேன்.