மூணு புள்ளி

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் போன், புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லித்தரும் இணையவழிப் பயிற்சிகளைத் தயாரிக்கிறேன். "அப்போ வாத்தியாருக்கே வாத்தியாரா?" என்பார் பெரியப்பா. முப்பது வருஷத்துக்கும் மேல் சாக்பீஸ் பிடித்த கை அவருடையது. அந்த நக்கல் எனக்குப் பிடிக்கும், அதில் நியாயமும் உண்டு.

திரை வழியாக ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கும் எண்ணம் கொரோனாவில் முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1975 ஆகஸ்டிலிருந்து 1976 ஜூலை வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு இஸ்ரோ ஒரு சோதனை நடத்தியது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு டிவி போனது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. அதே சோதனையில் ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் கொடுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், டிவியை மட்டும் நம்பி விட்டுவிடாததுதான். வானொலி, அச்சடித்த கையேடு, கையால் செய்துபார்க்கும் வேலை எல்லாம் கூடவே இருந்தன. இன்றைக்கு நாங்கள் ஒரு லிங்க் அனுப்புகிறோம்.

2017 செப்டம்பரில் திக்ஷா தளம் வந்தது. 2018-இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தது. புத்தகத்தில் அதன் பெயர் விரைவுக் குறியீடு. 2020-இல் பள்ளிகள் மூடின. நேரில் நடந்த பணியிடைப் பயிற்சிகள் எல்லாம் மளமளவென்று போனுக்குள் வந்துவிட்டன. நானும் அந்த வெள்ளத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் பயிற்சிகள் எந்தத் தளத்தில் ஏறின என்பது இங்கே தேவையில்லை.

எங்கள் ஸ்டூடியோ என்பது ஒரு பத்துக்குப் பத்து அறை. ஒலிப்பதிவின்போது ஃபேனை அணைத்துவிடுவோம். ஏப்ரலில் அப்படி அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், குரலில் உற்சாகம் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் நிஜமான சண்டை வெக்கையோடு இல்லை, மொழியோடுதான். முதல் ஸ்கிரிப்ட்டில் இப்படி இருக்கும்: 'திரையின் வலது மேல் மூலையில் அமைந்துள்ள முப்புள்ளிக் குறியீட்டைச் சொடுக்கவும்.' நான் மாற்றி எழுதுவேன்: 'வலது பக்கம் மேல மூணு புள்ளி இருக்குல்ல, அதைத் தொடுங்க.' சரிபார்க்க வருபவர்கள் திருத்துவார்கள். ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பேச்சுத்தமிழா என்பார்கள். ஆசிரியர் அறையில் யாரும் யாரிடமும் 'சொடுக்கவும்' என்று சொல்வதில்லையே என்பேன். கடைசியில் 'தொடுங்கள்' என்பதில் சமாதானம் ஆகும். இப்படி ஒரு காணொளிக்கு எட்டுப் பத்துச் சமாதானங்கள்.

அப்புறம் ஆறு நிமிடக் கணக்கு. 2014-இல் ஃபிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்குள் இருக்கும் காணொளிகளைத்தான் ஆட்கள் அதிகம் ஒன்றிப் பார்க்கிறார்கள் என்று சொன்னார்கள். எங்கள் துறையில் அது வேதவாக்கு. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல். பார்க்கிறவர் எப்போது கிளம்பிப் போகிறார் என்று அளந்த கணக்கு அது. எங்கள் ஆசிரியர் கிளம்பிப் போக முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கும். முடித்தவர் பட்டியல் தினமும் வாட்ஸப் குழுவில் வரும். முடிக்காதவர் பெயர் சிவப்பில்.

அதனால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் வயதில் இளையவர் யாரோ அவரிடம் எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரு டைரியில் இருக்கும். போன் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், இங்கே பாடம் நடந்துகொண்டிருக்கும். மாவட்டம் நூறு சதவீதம்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போயிருந்தேன். எங்கள் காணொளிகளை ஆசிரியர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க. நாலாம் வகுப்பு டீச்சருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. கோர்ஸ் எப்படி இருந்தது டீச்சர் என்று கேட்டேன்.

"சர்டிபிகேட் வந்துச்சும்மா. நான்தான் பார்க்கலை" என்றார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

மதியம் கண்டுபிடித்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை, எல்லோர் முன்னாலும் வாய் திறந்து வாசிக்காது. டீச்சர் தன் போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து அவளிடம் கொடுப்பார். அவள் வேப்ப மரத்தடிக்குப் போய், தனியாக உட்கார்ந்து, ஒரு பக்கம் வாசித்துப் பதிந்துகொண்டு வருவாள். "ராத்திரி சோறு வடிச்சிட்டு கேப்பேன். 'ழ' வரலை அவளுக்கு. மத்தபடி நல்லா படிக்குது. வகுப்புல கேட்டா ஊமைன்னு நினைச்சிருப்பேன்."

இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நாங்கள் செய்த இருபத்துச் சொச்சம் காணொளிகளில் ஒன்றிலும் இது இல்லை. ஒன்றிலும் பிள்ளைகளே இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார், பிற்பாடு ஒன்றைப் பார்த்துவிட்டு: "எல்லாம் விரலாவே வருதேம்மா."

அவரை வைத்தே ஒரு காணொளி எடுக்க அனுமதி வாங்க ஐந்து மாதம் ஆனது. இதில் தொழில்நுட்பம் எங்கே, எந்தச் செயலி என்று கேட்டார்கள். எல்லாப் போனிலும் ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டர்தான் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. புதிதாக ஒன்றை இறக்கினால்தான் பயிற்சி என்று ஒரு நம்பிக்கை. வாய் திறக்காத பிள்ளையின் வாசிப்பு ஆசிரியர் காதுக்குப் போவதைவிட என்ன பெரிய தொழில்நுட்பம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அதைக் கூட்டத்தில் அப்படியேவும் சொன்னேன். அனுமதி வந்தது அதனால் அல்ல, நிதியாண்டு முடியப்போகிறது என்பதால்.

படப்பிடிப்பில் டீச்சர் பதிவைத் தேட ஆரம்பித்தார். கிடைக்கவில்லை. கேலரிக்குப் போனார், திரும்பி வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற பையன், "அங்க இல்ல டீச்சர், மேல மூணு புள்ளி இருக்கு பாருங்க" என்றான். "ஆமாடா, நீயே தொடு" என்று போனை அவனிடமே கொடுத்தார். மொத்தம் ஐம்பது வினாடி.

எடிட்டிங்கில் தம்பி கேட்டான், "அக்கா, இதை வெட்டிடலாமா? ஆறு நிமிஷம் தாண்டுது. டீச்சருக்கும் மரியாதையா இருக்காது." நான் பார்த்த எத்தனையோ வகுப்புகளில் ஸ்மார்ட் போர்டு துணி போர்த்தி இருப்பதற்கு மின்சாரமோ நெட்டோ மட்டும் காரணமில்லை. பிள்ளைகள் முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற பயம். அந்த ஐம்பது வினாடியில் ஓர் ஆசிரியர் தடுமாறுகிறார், ஒன்றும் இடிந்து விழவில்லை. அதை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கிறது? டீச்சரிடமே போட்டுக் காட்டிக் கேட்டோம். "இருக்கட்டும், நான் அப்படித்தானே" என்றார். ஆறு நிமிடம் நாற்பது வினாடியில் வெளியானது.

போன மாதம் அவருக்குப் போன் செய்தேன். மே மாதம் ஓய்வு. அந்தப் பிள்ளை இப்போது வகுப்பில் வாசிக்கிறாளா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லம்மா. மரத்தடிதான். இப்ப கூட இன்னொருத்தியும் போறா."