புகார் வராத வேலை

தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊர் சும்மா இருக்காது. இருட்டி அரைமணி நேரத்துக்குள் கவுன்சிலருக்குப் போன் போகும், அவர் எங்களைக் கூப்பிடுவார், அதற்குள் யாராவது கம்பத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருப்பார்கள். மாநகராட்சி எலெக்ட்ரீசியன் என்றால் பல்பு மாற்றுகிறவர் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். அது வேலையில் பாதி. மறுபாதிக்குப் புகாரே வராது. எர்த் அறுந்துபோன கம்பத்தில் விளக்கு ஒரு குறையும் இல்லாமல் எரியும். கதவு துருப்பிடித்து விழுந்த பில்லர் பாக்ஸிலிருந்தும் (தெருவோர மின்பெட்டி) தெரு முழுக்க வெளிச்சம் போகும். 16 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் அந்தத் தெருவில் லைட் அணையவே அணையாது. "இப்பதான் ஒழுங்கா எரியுது" என்று நன்றிகூடச் சொல்வார்கள். மழை வரும்வரை.

நான் வேலை பார்ப்பது திருநெல்வேலியில். தெருவிளக்கு தவிர ஆற்றங்கரை நீரேற்று நிலையங்கள், மேல்நிலைத் தொட்டி மோட்டார்கள், பள்ளிக்கூடங்கள், பூங்காக்கள், சந்திப்புகளில் நிற்கும் ஹைமாஸ்ட் விளக்குகள் என்று எல்லாம் எங்கள் கணக்கில் வரும். சந்துகளில் கம்பம் மின்வாரியத்தினுடையது, அதில் தொங்கும் விளக்கு எங்களுடையது. மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் போக ஐந்தாவதாக ஓடும் கம்பிதான் தெருவிளக்குக்கு. பக்கத்திலேயே மற்ற பேஸ்கள் போவதால் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று மின்வாரியத்திடம் லைன் கிளியர் வாங்காமல் ஏணி சாய்க்கக் கூடாது. வாங்கின பிறகும் நம்பிவிடக் கூடாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் கால் வைப்பார். "பெட்டியில வச்சிட்டு ஏறுனா எவன் வேணும்னாலும் சொருகுவாம்ல. பையில இருந்தாத்தான் உன் உசுரு உங்கிட்ட" என்பார். இன்றைக்கு அது மட்டும் போதாது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், மாடியில் சோலார், கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர். எங்காவது இணைப்பு தப்பாக இருந்தால் கரண்ட் வீட்டிலிருந்து லைனுக்கு ஏறி வரும். அதனால் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து எர்த் ராடில் கட்டி, அப்புறம்தான் கையை வைப்போம்.

பெரிய சாலைகளில் நிற்பவை இரும்புக் குழாய்க் கம்பங்கள். கேபிள் மண்ணுக்கடியில் வந்து கம்பத்துக்குள் ஏறும். லாரி போகிற ஒவ்வொரு தடவையும் கம்பம் அதிரும். கேபிள் நுழையும் துளையின் விளிம்பில் அதன் தோல் தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் உள்ளே இருக்கும் அலுமினியம் இரும்பைத் தொட்டுவிடும். எர்த் நன்றாக இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும், தெரு இருளும், புகார் வரும், நாங்கள் போய்ச் சரிசெய்வோம். எர்த் மோசமாக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பத்தடியில் புதைத்த எர்த்தை மட்டும் நம்பி நிற்கிற கம்பம் அது, எர்த் 25 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ட்டை 25-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். 16 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது சாதாரண லோடு, உருகாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கம்பம் முழுக்க ஏறக்குறைய 230 வோல்ட் நிற்கும். வெயில் காலத்தில் செருப்புப் போட்டவர் அதில் சாய்ந்து நின்று பேசிவிட்டுக்கூடப் போவார். ஐப்பசி மழையில் வெறுங்காலோடு ஒரு பிள்ளை வந்து அதைப் பிடித்தால் கதை வேறு. நனைந்த உடம்பின் தடை சுமார் ஆயிரம் ஓம். அப்படியானால் உடம்பு வழியாக 230 மில்லி ஆம்பியர் பாயும். கசிவைக் கண்டு துண்டிக்க வீட்டில் மாட்டும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எத்தனை மடங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தெருவுக்கும் அந்த மாதிரிக் கருவி உண்டு, பில்லர் பாக்ஸில் வைப்போம். அதை அணையாமல் வைத்திருப்பதுதான் பாடு. ஒரு லைனில் நாற்பது விளக்கு இருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். மழை பெய்து ஒரு கம்பத்தில் கசிவு அதிகமானால் எல்லாம் கூடி ட்ரிப் ஆகிவிடும். தெரு முழுக்க இருட்டு. ராத்திரி பத்து மணிக்கு நாலு பேர் சுற்றி நின்று, "அண்ணாச்சி, அத எடுத்துட்டு டைரக்டா குடுங்க, காலையில பாத்துக்கலாம்" என்பார்கள். இந்தத் தொழிலில் மனவுறுதி வேண்டிய இடம் உயரத்தில் இல்லை, இங்கேதான். நேரடியாகக் கொடுத்துவிட்டால் விளக்கு எரியும், கூட்டம் கலையும், காலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் கொடுப்பதில்லை. லைனை நடுவில் பிரித்து ஒரு பாதியை ஏற்றிப் பார்ப்பேன். நின்றால் கசிவு மறுபாதியில். அதையும் பாதியாக்குவேன். இப்படி ஐந்தாறு பிரிப்பில் கெட்ட கம்பம் தனியாக அகப்பட்டுவிடும். அதை மட்டும் கழற்றிவிட்டால் மற்றவை எரியும். ஒரு மணி நேரம் கூட ஆகலாம், ஆகட்டும்.

எர்த்தைச் சித்திரையில் அளக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மழைக்காலத்தில் மண் ஈரமாக இருக்கும்போது எர்த் டெஸ்டரை வைத்தால் எந்த எர்த்தும் நல்ல அளவுதான் காட்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மண் காய்ந்து பிளந்திருக்கும்போது பார்க்கிற ஓம்தான் உண்மையான ஓம். வயக்காட்டு ஓரம் தப்பித்துக்கொள்ளும். பாறை நிலத்தில் கரி, உப்பு போட்டு நிரப்பின குழியும் வறண்டுவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும். சாலை நடுவே செடிக்குத் தண்ணீர் விட லாரி வரும்போது எர்த் குழிக்கும் கொஞ்சம் விடச் சொல்லிக் கேட்பேன். விட்டுவிட்டுப் போவார்கள்.

விளக்குகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோடியம் விளக்கு இருந்த காலத்தில் கீழே நின்றே நோயைச் சொல்லலாம். எரிந்து, அணைந்து, ஆறி, மறுபடி எரிந்தால் பல்புக்கு வயதாகிவிட்டது. பல்பு நன்றாக இருந்தும் பற்றவே இல்லையென்றால் முதலில் இக்னைட்டரைப் பார்ப்போம். சோக் கருகினால் வாசனையே சொல்லும். எல்.இ.டி. வந்தபின் மின்சாரம் மிச்சம், வெளிச்சமும் நன்று, மறுக்க முடியாது. ஆனால் இடி இடித்த மறுநாள் வரிசையாக விளக்குக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டுகள் போய்விடுகின்றன, முழு விளக்கையும் கழற்றி வேறு மாட்டுகிறோம். புதிதாக வரும் பையன்களுக்கு மாற்றத்தான் தெரிகிறது, ஏன் போனது என்று தேடிப் பார்க்கப் பழக்கமில்லை. சர்ஜ் தடுப்பானும் எர்த்தை நம்பித்தான் வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில்தான் இவையெல்லாம் ஒரே சமயத்தில் பரீட்சைக்கு வந்தன. பக்கத்து மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கியது, ஆற்றோர நீரேற்று நிலையங்களுக்குள் தண்ணீர் ஏறியது. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களே மிரண்டு போனார்கள். ஊரைச் சுற்றித் தண்ணீர், குழாயில் தண்ணீர் இல்லை.

முங்கிய மோட்டாரைக் காய்ந்ததும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது பெரிய ஆபத்து. கழற்றி, ஆற்று வண்டலை நல்ல தண்ணீரில் கழுவி, பேரிங்கை மாற்றி, வைண்டிங்கைச் சுற்றித் தடுப்புக் கட்டி, ஹாலோஜன் விளக்குச் சூட்டில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி இன்சுலேஷனைக் கிழித்துக்கொண்டு வரும். இன்சுலேஷனை அளக்கும் மெகரை வைத்தால் முதலில் முள் பூஜ்யத்தில் கிடக்கும். கொஞ்சம் ஏறும். சூடு பரவியதும் மறுபடி இறங்கும். பழகாதவர்கள் இந்த இடத்தில் பயந்து மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஈரம் வெளியே வரும்போது அப்படித்தான் இறங்கும், விடாமல் காத்திருந்தால் நிதானமாக ஏறத் தொடங்கும். ஒரு மெகோம் தாண்டினாலே போதும் என்பார்கள். நான் அதற்கும் மேலே ஏறி அளவு ஆடாமல் நிற்கும்வரை இணைப்புக் கொடுக்க மாட்டேன். வெளியே குடத்தோடு ஜனம் நிற்கும். அதிகாரிகள் போன் மேல் போன் போடுவார்கள். அவர்கள் அவசரமும் நியாயமானதுதான்.

இணைப்புக் கொடுக்கும்போது இன்னொன்று. கேபிளை எல்லாம் கழற்றி மாட்டியிருப்பதால் இரண்டு பேஸ் இடம் மாறியிருக்கலாம், மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். செங்குத்து டர்பைன் பம்ப்பில் தண்டுகள் மரையால் பூட்டப்பட்டவை, எதிர்ப்பக்கம் சுற்றினால் கிணற்றுக்குள் மரை கழன்றுவிடும். அதனால் கப்ளிங்கைப் பிரித்து, மோட்டாரை மட்டும் ஒரு தட்டுத் தட்டி, சுற்றும் திசையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பம்ப்போடு சேர்க்க வேண்டும்.

தண்ணீர் வந்ததும் கூட்டம் கலைந்தது. எங்களுக்கு அதற்குப் பிறகுதான் பயமே. முங்கி எழுந்த பில்லர் பாக்ஸ்கள் சேற்றோடு நின்றன, அவற்றில் சில எரியவும் தொடங்கியிருந்தன. எரிகிறதே என்று விட்டுவிட எவ்வளவு வசதி! ஒவ்வொன்றாகக் கழுவி, டெர்மினல் சுரண்டி, மெகர் பார்த்தோம். எர்த் கம்பி மண்ணரிப்பில் வெளியே வந்து கிடந்த கம்பங்களுக்குப் புதிதாகக் குழி எடுத்தோம்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கம்பம் எண், எர்த் எத்தனை ஓம், அளந்த மாதம், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், பெட்டிக் கதவு பூட்டுகிறதா என்று எழுதிவைக்கிறேன். எரியாத விளக்குகளுக்கு இருப்பதுபோல எல்லா ஊர் மாநகராட்சியிலும் இதற்கும் ஒரு பதிவேடு வேண்டும், ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் அது நிரம்ப வேண்டும், நிரம்பாத வார்டுக்கு அதிகாரி ஏன் என்று கேட்க வேண்டும். இப்போது என்னோடு வருகிற பையன் அந்த நோட்டில் தன் கையெழுத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறான். போன வாரம் எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்று, "அண்ணாச்சி, இதுல நாப்பது ஓம் காட்டுது, ஆஃப் பண்ணிருவோமா?" என்று கேட்டான். பண்ணு என்றேன்.