கல்லறைக் கற்களின்மேல் வளரும் வட்டங்கள்



கல்லறைத் திருநாள் நெருங்கி வருகிறது. கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வதுபற்றி உங்களில் பலர் கடந்த வாரங்களில் என்னிடம் பேசினீர்கள். புல் வெட்டுவதிலும் மதிற்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பழைய கற்களின்மேல் வெண்மையாகவும் சாம்பல் நிறமாகவும் பரவியிருக்கும் திட்டுகளை என்ன செய்வது என்பதில்தான் பேச்சு முடியாமல் நிற்கிறது. ஆசிட் ஊற்றித் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்கிறார்கள் வாலிபர்கள். சில குடும்பத்தார் பழைய கல்லையே எடுத்துவிட்டுப் பளபளக்கும் கறுப்பு கிரானைட் பதிக்க விரும்புகிறார்கள். நான் விடை சொல்வதற்கு முன், அந்தத் திட்டு இன்னதென்று நீங்கள் அறிந்துகொள்ள வேண்டுமென விரும்புகிறேன்.

"பாசி பிடித்திருக்கிறது" என்றுதான் நாம் சொல்லுகிறோம். ஆனால் விரலால் தொட்டுப் பாருங்கள். பாசி வழுக்கும், இது வழுக்காது. உலர்ந்து, சொரசொரப்பாக, கல்லுக்கே தேமல் வந்ததுபோல் இருக்கும். இதற்கு லைக்கன் என்று பெயர்; பள்ளிப் பாடநூலிலும் அப்படியே எழுதுகிறார்கள். உங்கள் சமையலறையில் பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுகிற கல்பாசியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அது இலைபோல் விரிந்து வளர்வதால் உரித்தெடுக்கலாம். நம் கல்லறைக் கற்களில் இருப்பது ஓடுபோல் ஒட்டி வளரும் வகை. அதை உரிக்க இயலாது. அதற்கு வேர் இல்லை. அதன் நுண்ணிய இழைகள் கல்லின் மணிகளுக்கிடையே நுழைந்து, சில இடங்களில் சில மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்கும். அதைப் பெயர்த்தால் கல்லின் மேல்தோலும் உடன் வரும். என் கவலை தொடங்குவது அங்கேதான்.

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துச் சென்று குனிந்து பார்த்தால் நீங்கள் வியப்படைவீர்கள். கோடையில் நீர் வற்றிய ஏரியின் அடிமண் வெடித்துக் கிடப்பதுபோல் மேற்பரப்பு சிறுசிறு கட்டங்களாகப் பிளந்திருக்கும். சிலவற்றில் கடுகினும் சிறிய கரிய வட்டுகள் காணப்படும். அவை வித்துத்தூள் உண்டாகும் இடங்கள். இரண்டு திட்டுகள் வளர்ந்து எதிரெதிரே வந்து முட்டும் இடத்தில் சில வேளைகளில் வரப்புபோல் ஒரு கறுப்புக் கோடு ஓடும். மலைநாடுகளில் வளரும் ஒரு வகை, மஞ்சளும் பச்சையுமாக, இத்தகைய கரிய எல்லைக்கோடுகளோடு தேசப்படம்போலவே தோன்றுவதால் அதன் அறிவியல் பெயரிலேயே பூகோளம் வந்து சேர்ந்துவிட்டது.

இது ஓர் உயிரல்ல, கூடி வாழும் உயிர்கள். பூஞ்சை வீட்டைக் கட்டுகிறது; அதனுள் குடியிருக்கும் பாசி வெயிலைக்கொண்டு உணவு ஆக்குகிறது. 1860களின் இறுதியில் சைமன் ஷ்வெண்டனர் என்னும் சுவிஸ் அறிஞர் இதைச் சொன்னபோது, லைக்கன் ஆராய்ச்சியில் பேர்பெற்றவர்களே அதை ஏற்க மறுத்தார்கள். நாளடைவில் அவர் சொன்னதே நிலைத்தது. திருமணப் பிரசங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காதென்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. பூஞ்சை பாசியைச் சிறைப்படுத்தி அதன் உழைப்பை உண்கிறது என்று கருதும் அறிஞர்களும் இருக்கிறார்கள். மணமக்களுக்கு முன்பாக அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நம் கடலூரில் இந்த உயிர் கல்லின்மேல் வாழ்வதே ஓர் அதிசயம். ஏனெனில் கடற்கரையோரமான நம் பகுதியில் பாறை இல்லை. கெடிலமும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் கடல் ஒதுக்கிய மணலுமே நம் காலடி மண். மேற்கே கேப்பர் மலைக்குப் போனாலும் சிவந்த மண்ணும் செம்மணற்கல்லும்தான். இங்கே உள்ள கருங்கல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வெளியூரிலிருந்து கொண்டுவந்தது. ஆலயத்துக்காக, கோட்டைக்காக, அல்லது இறந்துபோனவர்களுக்காக. அப்படி வந்த கல்லை லைக்கன் தன் பாறையாக எடுத்துக்கொண்டது. தேவனாம்பட்டினத்தில் செயிண்ட் டேவிட் கோட்டையின் எச்சங்கள் இருக்கின்றன. 1740இல் இந்த ஊருக்கு ஊழியம் செய்ய வந்த சுவீடன் நாட்டவரான கியர்நாண்டர், 1758இல் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்தபின் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அரண்களைப் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள். இப்படிப்பட்ட பழைய சுண்ணாம்புக் காரையின்மேல் வளரும் வகைகளும் கருங்கல்லின்மேல் வளரும் வகைகளும் பெரும்பாலும் ஒன்றல்ல. கல்லின் குணமறிந்தே அது குடியேறுகிறது.

அதன் வளர்ச்சி மிக மெதுவானது. ஒட்டி வளரும் வகைகள் பலவற்றின் விளிம்பு ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஈரம் இருக்கும்போது மட்டுமே அது உழைக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் உலர்ந்து செத்ததுபோல் கிடக்கும். ஐப்பசி மழையின் முதல் துளிகள் பட்டவுடன் சில நிமிடங்களிலேயே மீண்டும் மூச்சுவிடத் தொடங்கும். மார்கழிப் பனியும் அதற்குப் போதும். வட்டத்தின் அளவை வைத்துப் பனியாறு ஒரு பாறையை விட்டு விலகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணிக்கும் முறையை ஆஸ்திரிய அறிஞர் பெஷல் 1950களில் வகுத்தார். 2005இல் லைக்கன்களை விண்கலத்தில் ஏற்றி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வெட்டவெளி விண்வெளியில் திறந்து வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவை உயிரோடிருந்தன.

அவ்வளவு உறுதியான உயிர் கெட்ட காற்றுக்கு முன்பாக நிற்கமாட்டாது. மழையையும் காற்றையும் தவிர வேறெதிலிருந்தும் அது உண்பதில்லை. வருவதை வடிகட்டும் தோலும் அதற்கில்லை. 1866இல் பாரிஸ் நகரத்து லக்சம்பர்க் பூங்காவில் இருந்த லைக்கன்கள், நகரத்தின் பிற பகுதிகளில் இல்லாததை நைலாண்டர் என்பவர் கவனித்து எழுதினார். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக வாயுவே பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு. நெய்வேலியின் புகைபோக்கிகளும் சிப்காட் ஆலைகளும் உள்ள மாவட்டத்தில் வாழும் நாம், நம் தோட்டத்துக் கற்களில் இவை இருப்பதைச் சிறிது நன்றியோடு பார்க்கலாம். எனினும் புகையைத் தாங்கும் வகைகளும் உண்டு. ஆகவே காற்று தூய்மையாயிருக்கிறது என்று இதைக்கொண்டு நற்சான்று எழுத நான் துணியமாட்டேன்.

அண்ணாமலைநகர் மருத்துவமனையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கச் சிதம்பரம் போகும் நாட்களில், பேருந்துக்கு நேரமிருந்தால் கீழவீதி வழியாக நடப்பேன். கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும், அடிநிலை கருங்கல். அத்தகைய கற்களில் எழுத்து வெட்டி வைத்த நாடு நம்முடையது. தமிழ்நாட்டின் பழைய கோயில்களில் ஒருகாலத்தில் மணலை விசையோடு வீசிக் கல்லைச் சுத்தம் செய்தார்கள். கல் புதிதுபோல் ஆயிற்று. கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின. கல்வெட்டு அறிஞர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். நம் தோட்டத்தில் இருப்பவை அரசர்களின் கல்வெட்டுகள் அல்ல. ஒரு பெயர், இரண்டு தேதிகள். அந்தக் குடும்பத்துக்கு வேறு கல்வெட்டு ஏது?

லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்தைப் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். வீட்டுச் சுவரின் கல்லில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தோன்றினால் ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அவன் வருமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவையும் தீட்டாகிவிடும். ஏழைக்குப் பாத்திரமும் பாயும் மிஞ்சட்டும் என்ற இரக்கத்தை நான் அதில் காண்கிறேன். பிறகு வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடியும் வந்து பார்க்க வேண்டும். கறை பரவியிருந்தால் மாத்திரமே கற்களைப் பெயர்க்கவும் சுவரைச் சுரண்டவும் கட்டளை. அது பூஞ்சணமாக இருந்திருக்கலாம். லைக்கன் ஏழு நாளில் கண்ணுக்குத் தெரியும்படி பரவாது. ஆனாலும் ஒரு கல்லைப் பார்த்து, காத்திருந்து, இரண்டாம் முறை பார்ப்பது ஆசாரியனுடைய வேலையாக வைக்கப்பட்டிருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

(மன்னாவும் ஒருவகைப் பாறை லைக்கனே என்று சில ஐரோப்பியத் தாவரவியலார் எழுதியதுண்டு. காற்றில் பெயர்ந்து உருண்டு வரும் அத்தகைய வகை மேற்காசியாவில் உள்ளது. பஞ்ச காலங்களில் மனிதர் அதை உண்டிருக்கிறார்கள். ஆயினும் மன்னா வெயிலில் உருகியது. மறுநாளுக்கு வைத்தால் புழுத்தது. லைக்கன் இரண்டும் செய்யாது. அந்த விளக்கம் எனக்குப் பொருந்தவில்லை.)

இந்தத் திட்டுகளைப்பற்றி நான் இவ்வளவு படிக்க நேர்ந்தது, நம் சபையின் தாயார் ஒருவருடைய வேண்டுகோளினால். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களில் அவருடைய மகளும் ஒருத்தி. நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறு ஆண்டு வைத்த சிறிய கருங்கல்லை மாற்றிப் புது கிரானைட் போடலாம் என்கிறார்கள் அவருடைய பிள்ளைகள். அவர்கள் அன்பினால்தான் சொல்லுகிறார்கள். தங்கையின் பெயரிலுள்ள ஓர் எழுத்தின்மேல் வெள்ளைத்திட்டு ஏறிவிட்டது என்பது அவர்கள் வருத்தம். தாயார் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அந்தக் கல்லை மாத்த வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தானே புயல்ல மரமெல்லாம் சாஞ்சப்பவும் அது அசையல" என்றார். வேறு காரணம் அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

அந்தக் கல்லை அளந்து பார்த்தேன். பெரிய திட்டு பத்து ரூபாய் நாணயத்தின் அகலம், ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு ஐப்பசியிலும் நனைந்து நனைந்து வளர்ந்த அளவு அது.

லைக்கன் கல்லுக்குத் தீங்கே செய்யாது என்று நான் சொல்லவில்லை. தான் சுரக்கும் அமிலங்களால் அதுவும் கல்லை மெல்ல அரிக்கிறது. பாறை மண்ணாவதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அதற்குத் தலைமுறைகள் வேண்டும். ஆசிட்டுக்கு ஒரு பிற்பகல் போதும். பளிங்குப் பலகையை அது கரைத்துவிடும்; கருங்கல்லில் துருநிறக் கறையை உண்டாக்கும்; பழைய காரையை உதிர்க்கும்.

ஆகவே சபைக் கமிட்டியோடு பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தோட்டத்துக்கு வாருங்கள். தண்ணீர் வாளியும் மெல்லிய நார்த் தூரிகையும் கொண்டுவாருங்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர், இரும்புப் பிரஷ், சுரண்டி எதுவும் வேண்டாம். எழுத்துகளின்மேல் படர்ந்திருக்கும் இடத்தை மட்டும் நன்றாக நனைத்து, ஊறவிட்டு, மென்மையாகத் துடைப்போம். வராததை வலிந்து எடுக்கவேண்டாம். பெயர் மறைந்துபோன கற்களுக்குக் காலடியில் ஒரு சிறு பலகை வைக்கலாம். கல்லை மாற்ற விரும்பும் குடும்பத்தார், வீட்டிலுள்ள எல்லாரும் சம்மதித்த பின்பு என்னிடம் வாருங்கள்.

அந்தத் தாயாரின் பிள்ளைகளோடு வியாழக்கிழமை இரவு பேசினேன். பெயர்மேல் இருக்கும் திட்டை அம்மாவே துடைக்கட்டும், துடைக்காமல் விட்டாலும் சரி என்று மூத்தவர் சொன்னார். சனிக்கிழமை அவரும் வருகிறார். வாளிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.